மென்பொருள் வேலைக்கான பயிற்சி: செலவை யார் ஏற்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கல்லூரி இறுதியாண்டுத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே, ஜூன் மாதங்களில் நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் மென்பொருள் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்கள் பெருகுவதை வாசகர்கள் ஆண்டுதோறும் பார்த்து வருகிறார்கள். அதே மாதங்களில் எனக்கு உறவினர்களிடமிருந்தும் பழைய அண்டை வீட்டாரிடமிருந்தும் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பிள்ளையை ஆறு மாதக் கோர்ஸில் சேர்த்துவிட்டு அதன்பின் வேலை தேடச் சொல்வதா, இல்லை, எட்டாயிரமோ பத்தாயிரமோ தருகிற ஏதாவது ஒரு சிறிய கம்பெனியில் இப்போதே நுழைந்து அங்கேயே கற்றுக்கொள்ளச் சொல்வதா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் குழுவொன்றை நடத்துவது என் பணி. புதிதாக வருவோரை நேர்காணல் செய்வதும், சேர்ந்த பிறகு அவர்கள் எழுதும் நிரலை வரிவரியாகப் பார்த்துத் திருத்துவதும் அதில் அடங்கும் என்பதால், இது குறித்து எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் வேலையையே தேர்ந்தெடுங்கள் என்பது என் பதில். ஆனால், கம்பெனி என்ற பெயர்ப்பலகை மாட்டிய எந்த இடத்திலும் நுழைந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் அன்றாடம் பயன்படுத்துகிற நிரலில் கைவைக்க வாய்ப்பு இருக்க வேண்டும்; எழுதியதைப் படித்துப் பார்த்து, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்கிற மூத்தவர் ஒருவர் இருக்க வேண்டும்; குறைவாக இருந்தாலும் மாதச் சம்பளமோ உதவித்தொகையோ கையில் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதை வேலையிலேயே கற்றுக்கொள்ளுதல் என்று சொல்ல முடியாது. இதற்கும் மேலாக, இந்தக் கேள்வியைக் குடும்பங்கள் கேட்க வேண்டிய நிலைமை வந்ததே, நிறுவனங்கள் தாங்கள் ஏற்க வேண்டிய செலவை மெல்ல மெல்லக் குடும்பங்களின் தலையில் இறக்கி வைத்துவிட்டதால்தான் என்பது என் எண்ணம்.

பயிற்சி நிலையங்களில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சென்னை வேளச்சேரியாக இருந்தாலும் கோவை காந்திபுரமாக இருந்தாலும் பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், அதன்மேல் ஜாவா அல்லது பைத்தான், தரவுத்தளத்துக்கு எஸ்கியூஎல், கடைசியில் ஒரு புராஜெக்ட். இவற்றில் எதுவும் வீணான பாடமில்லை. நன்றாக நடத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் நேர்காணலுக்கு வரும் பத்து விண்ணப்பங்களில் ஏழில் அதே நூலக மேலாண்மை புராஜெக்ட், அல்லது அதே ஷாப்பிங் கார்ட், சில நேரங்களில் விளக்கக் குறிப்பில் அதே எழுத்துப்பிழையோடு வந்து நிற்கும். அந்த புராஜெக்டில் உள்ள ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, இதை நீக்கிவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டால், பெரும்பாலானோர் மௌனமாகிவிடுகிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவு என்று பொருளில்லை. எந்த வரியையும் நீக்கிப் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததே இல்லை, அவ்வளவுதான்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினால் நன்றாக இருக்கும். எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் மருந்துக் கடைகளில் சில இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருப்பவை. அப்படிப்பட்ட கடை ஒன்றின் கணக்கர், நாள் வசூல் அறிக்கையும் கல்லாவில் இருக்கும் பணமும் ஒத்துப்போவதில்லை என்று புகார் அனுப்பியிருந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் தமிழ்வழியில் படித்து, பி.எஸ்சி. முடித்து, எங்களிடம் பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அந்தப் புகாரைக் கொடுத்தோம். அவர் முதலில் செய்தது, நள்ளிரவுக்கு மேல் போடப்பட்ட ரசீதுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது. இரவு பன்னிரண்டு மணி முதல் விடிகாலை ஐந்தரை மணி வரை போட்ட ரசீதுகள் எல்லாம் முந்தைய நாளின் கணக்கில் ஏறியிருந்தன. தரவுத்தளம் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அறிக்கையோ சேமித்த தேதியை அப்படியே எடுத்துக்கொள்கிறது என்பதை அவரே கண்டுபிடித்தார். அன்று மாலைக்குள் ரசீது அச்சாகும் இடத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் திருத்தத்தை அனுப்பிவிட்டார். ரசீதில் தேதி சரியாக வந்தது.

அந்தத் திருத்தத்தைப் பார்வையிட்ட மூத்தவர் அதை ஏற்கவில்லை. “ஏம்மா, ஐந்தரை மணி நேரத்தை இங்கே எதற்குக் கூட்டினீங்க? வசூல் அறிக்கை இந்த வழியாகவா போகிறது?” என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். அறிக்கை வேறொரு வழியாகப் போவது அதன்பிறகுதான் தெரிந்தது. அது இன்னும் தவறாகவே இருந்தது. வேறு இரண்டு அறிக்கைகளோ நேரத்தை ஏற்கெனவே மாற்றிக்கொண்டு, ரசீது அச்சாகும் அதே இடத்தின் வழியாகப் போகிறவை. இந்தத் திருத்தம் போயிருந்தால் அவற்றில் ஐந்தரை மணி நேரம் இருமுறை கூடியிருக்கும். கடைசியில், நாள் வாரியாகத் தொகுக்கும் இடத்தில் கடையின் நேர மண்டலத்தை வைத்து எல்லை வகுக்க வேண்டும் என்றும், அந்த எல்லை சரியாக இருக்கிறதா என்று நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னும் ஒரு நிமிடம் பின்னும் போட்ட ரசீதுகளைக் கொண்டு சோதிக்கும் நிரல் ஒன்றை எழுதிச் சேர்க்க வேண்டும் என்றும் முடிவானது. முன்பே அனுப்பப்பட்ட பழைய அறிக்கைகளை என்ன செய்வது என்பதைக் கணக்கரிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அந்தப் பெண்தான்.

நேர மண்டலம் பற்றிய பாடம் எந்தப் பயிற்சி நிலையத்திலும் நடத்தக்கூடியதுதான், அரை மணி நேரத்தில் நடத்திவிடலாம். ஆனால் பிறர் எழுதிய, எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற நிரலில் எதைத் தொட்டால் எது அசையும் என்று தேடுவது, தன் திருத்தம் திருப்பி அனுப்பப்பட்டால் முகம் வாடாமல் மறுபடி தொடங்குவது, கணக்கரிடம் அவருக்குப் புரிகிற மொழியில் கேட்பது ஆகியவற்றை வகுப்பறையில் அமைத்துத் தர முடியாது. ஏனென்றால் பயிற்சி நிலையத்திடம் பழைய நிரல் இல்லை. புகார் சொல்லும் கணக்கரும் இல்லை. இது அங்குள்ள ஆசிரியர்களின் குறையன்று. போன தொகுதியில் படித்து முடித்தவரையே இந்தத் தொகுதிக்கு ஆசிரியராக்குகிற நிலையங்களை நான் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவை தனிக் கதை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிப் பயிற்சியை முற்றிலும் ஒதுக்கிவிடுவோர் எங்கள் தொழிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இயந்திரவியலோ வணிகவியலோ தமிழ் இலக்கியமோ படித்துவிட்டு இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கும், திருமணம், மகப்பேறு காரணமாகச் சில ஆண்டுகள் வேலையை விட்டுவிட்டுத் திரும்ப நினைக்கும் பெண்களுக்கும், வீட்டில் கணினியே இல்லாமல் வளர்ந்து கல்லூரி ஆய்வகத்தில் நான்கு பேருக்கு ஒன்று என்று பார்த்தவர்களுக்கும், ஒழுங்கான நேரத்தில் ஓரிடத்துக்குப் போய் உட்கார்ந்து அடிப்படையைக் கற்பது பெரிய உதவி. அடிப்படையே தெரியாமல் வேலைக்குள் நுழைபவருக்கு மேலே சொன்ன மூத்தவரின் கேள்விகூடப் புரியாது. நான் மறுப்பது, அந்த அடிப்படைக்கு அரை லட்சத்துக்கு மேல் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நம்பிக்கையை.

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்களும், 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தின் பாடங்களும் படிப்பதற்கு இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் சிறு கட்டணம் செலுத்தினால் போதும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கப்பட்ட தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே கல்லூரி மாணவர்களுக்கு இத்தகைய பாடங்கள் கல்லூரிக்குள்ளேயே வந்திருக்கின்றன. விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் கற்றுத் தருகிறார்கள். கட்டற்ற மென்பொருள் குறித்துக் கணியம் அமைப்பினர் பல்லாண்டுகளாகத் தமிழில் எழுதிக் குவித்திருப்பவையும் இருக்கின்றன. தனியாகப் படிக்கும் ஒழுங்கு தனக்கு வராது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் பணம் கட்டிப் படிப்பதில் தவறில்லை. ஆனால் வீட்டில் நகையை அடகு வைப்பதற்கு முன், மேற்சொன்னவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு மாதமாவது தொடர்ந்து முயன்று பார்த்தோமா என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்பது பெற்றோரின் கடமை.

வேலையில் கற்றுக்கொள்வதாகச் சொல்லப்படுவதிலும் ஏமாற்றுகள் உண்டு. வாடிக்கையாளரின் புகார்ச் சீட்டுகளை இரவு நேரத்தில் பெற்று, எழுதி வைத்த விடையை ஒட்டி, சீட்டை மூடிவிடுகிற வேலைகள் எங்கள் துறையில் ஏராளம். அதில் மூன்று ஆண்டு கழித்தவர்கள் நேர்காணலுக்கு வரும்போது, சீட்டை எவ்வளவு விரைவாக மூடினார்கள் என்பதைத் தவிர அவர்களால் சொல்ல முடிவது மிகக் குறைவு. சம்பளம் வந்தது, வேலையும் இருந்தது. ஆனால் யாரும் எதுவும் கற்றுத்தரவில்லை. இன்னொரு வகை, பொறியியல் மாணவர்கள் கல்லூரி நிபந்தனைக்காகச் செய்ய வேண்டிய இன்டர்ன்ஷிப். சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, மாணவர் ஒருநாள்கூட வராமலே சான்றிதழ் கொடுத்துவிடும் நிறுவனங்கள் எல்லா நகரங்களிலும் முளைத்திருக்கின்றன. அத்தகைய சான்றிதழை நேர்காணலில் பார்க்கும்போது, வேலை எடுப்பவர்களுக்கு அந்த மாணவரின் மற்றத் தகுதிகள் மீதும் ஐயம் வந்துவிடுகிறது என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

மூன்றாவது வகை, பாண்டு எழுதி வாங்குவது. பயிற்சிக்குச் செலவு செய்த நிறுவனம், பயிற்சி பெற்றவர் குறிப்பிட்ட காலம் வரை பணியில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு. பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே, பாண்டு என்றாலே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடுவது ஆபத்து. அதேநேரம், அந்தத் தீர்ப்பைக் காட்டி எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம் என்று தனியார் நிறுவனங்கள் நினைப்பதும் சரியன்று. பொதுத்துறை நிறுவனம் ஆளெடுப்பதற்குச் செய்யும் செலவையும், அதில் உள்ள நடைமுறைகளையும் நீதிமன்றம் கருத்தில் எடுத்துக்கொண்டது. பயிற்சியே தராமல் பாண்டு மட்டும் கேட்பதையும், மதிப்பெண் சான்றிதழ்களின் அசலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதையும் நான் பலரிடம் கேட்டு அறிந்திருக்கிறேன். அசல் சான்றிதழைச் சரிபார்த்துத் திருப்பித் தராத இடத்தில் சேரவே வேண்டாம் என்பதுதான் நான் சொல்லும் ஒரே அறிவுரை; அதற்கு விதிவிலக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

செலவு யாருடையது என்ற பகுதிக்கு வருகிறேன். இந்திய மென்பொருள் துறை வளர்ந்த காலத்தில் பயிற்சி என்பது நிறுவனத்தின் வேலையாகவே இருந்தது. கட்டடவியலோ வேதியியலோ படித்தவரைக்கூட வளாகத் தேர்வில் எடுத்து, மைசூரில் இன்போசிஸும் திருவனந்தபுரத்தில் டிசிஎஸும் நடத்திய பயிற்சி மையங்களில் மாதக்கணக்கில் தங்கவைத்து, உணவும் சம்பளமும் கொடுத்துக் கற்றுத் தந்தார்கள். தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து போன ஒரு தலைமுறையே அப்படித்தான் இந்தத் தொழிலைக் கற்றது. இன்று வேலை அறிவிப்புகளில் புதியவருக்கே இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். சேர்ந்த முதல் நாளிலேயே பயன்தர வேண்டும் என்கிறார்கள். அப்படி முதல் நாளிலேயே தயாராக இருப்பதற்கான செலவைத்தான் வேளச்சேரியிலும் காந்திபுரத்திலும் பெற்றோர் கட்டுகிறார்கள். பெரிய நிறுவனத்தின் பயிற்சி மையத்துக்குள் நுழைந்துவிட்டாலும் வேலை உறுதி என்று இப்போது சொல்லிவிட முடியாது. 2025 பிப்ரவரியில் இன்போசிஸின் மைசூர் வளாகத்தில் உள்தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறாத முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

மாற்று வழியும் தமிழகத்திலேயே இருக்கிறது. பள்ளிப்படிப்பையோ பட்டயப்படிப்பையோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலையில் அமர்த்தும் பள்ளியை ஜோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறது. தென்காசிப் பகுதியிலும் அது இயங்குகிறது. எச்சிஎல் நிறுவனம் பிளஸ் டூ முடித்தவர்களுக்காக 2017 முதல் டெக்பீ என்ற திட்டத்தை நடத்துகிறது. அதன் நிபந்தனைகள் வேறு, சேர்வோர் கவனமாகப் படித்துப் பார்க்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் பள்ளி தொடங்க முடியாது என்பது உண்மை. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் அதற்குக் கட்டடமும் கிடையாது, ஆளும் கிடையாது. ஆனால் சட்டம் ஏற்கெனவே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அதைத்தான் நம் துறையில் பலரும் பார்க்க மறுக்கிறோம்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பழகுநர் என்றால் ஐடிஐ படித்துவிட்டு லேத் பட்டறையில் நிற்பவர் என்றே இன்றும் பலர் நினைக்கிறார்கள். பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அதற்குள் வந்துவிட்டார்கள். 2014 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் வந்துவிட்டார்கள். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகளின்படி, முப்பது பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் நிறுவனம் தன் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். இருநூறு பேர் உள்ள நிறுவனத்தில் குறைந்தது ஐந்து பேர் என்பது கணக்கு. அந்தத் திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகையை 9,000 ரூபாய் என்றும், பட்டயதாரிக்கு 8,000 ரூபாய் என்றும் வகுத்தது. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியத்தின் அலுவலகம் சென்னை தரமணியில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. பயிற்சி முடிவில் அரசின் சான்றிதழும் உண்டு.

ஆறு மாதக் கோர்ஸையும் ஓராண்டுப் பழகுநர் பயிற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் குடும்பம் பணம் கட்டுகிறது, மற்றொன்றில் குடும்பத்துக்குப் பணம் வருகிறது. ஒன்பதாயிரம் ரூபாயில் சென்னையிலோ கோவையிலோ விடுதி வாடகை கட்டி வாழ்வது எளிதன்று என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தொகை உயர்த்தப்பட வேண்டும். ஆனாலும், அண்ணன் கடன் வாங்கிக் கட்டுகிற கட்டணத்துக்கும் தன் கணக்கில் வந்து விழுகிற உதவித்தொகைக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் ஏற்படுகிற வேறுபாடு பெரிது.

நிறுவன உரிமையாளர்கள் சொல்லும் மறுப்பையும் பதிவு செய்ய வேண்டும். உதவித்தொகை அவர்களுக்குப் பொருட்டே அன்று. மூத்தவரின் நேரம்தான் உண்மையான செலவு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஒரு மூத்தவர் பழகுநரின் நிரலோடு உட்கார வேண்டும். அந்த நேரத்தை எந்த வாடிக்கையாளரின் கணக்கிலும் எழுத முடியாது. இவ்வளவும் செய்து ஆளாக்கிய பிறகு, இரு மடங்கு சம்பளம் தரும் பெங்களூர் நிறுவனத்துக்கு அவர் போய்விடுகிறார் என்ற வருத்தமும் அவர்களுக்கு உண்டு. எங்களிடமிருந்தும் போயிருக்கிறார்கள். ஆனால் வேறு இடங்களில் பழகியவர்கள் எங்களிடம் வந்தும் இருக்கிறார்கள். எல்லோரும் பிறர் பயிற்றுவித்தவர்களையே எடுக்கக் காத்திருந்தால், பயிற்றுவிப்பதற்கு யாரும் மிஞ்சமாட்டார்கள். சட்டம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரு சதவீதத்தை விதித்திருப்பதன் காரணமே இதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். அது ஏட்டளவில் நிற்காமல், மென்பொருள் நிறுவனங்களிலும் ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட பிறகு புதியவர்களே தேவையில்லை என்று இப்போது பேசுகிறார்கள். நூலக மேலாண்மை புராஜெக்டை அந்தக் கருவிகள் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடும் என்பது உண்மைதான்; ஆறு மாதக் கோர்ஸின் கடைசி மாதத்தை அது வீணாக்கிவிட்டது. ஆனால் மருந்துக் கடைப் புகாருக்கு அதே கருவியைக் கேட்டுப் பார்த்தால், அது முதலில் தருவதும் பெரும்பாலும் ரசீதில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுகிற விடையாகவே இருக்கும். அதை ஏற்காமல் திருப்பி அனுப்பும் மூத்தவர்கள் பத்தாண்டு கழித்தும் வேண்டுமென்றால், அவர்கள் இன்றைக்கு எங்காவது பழகுநராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

விளம்பரங்களைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது தங்கள் நாளிதழையும் தொடுவது என்பதால் சற்றுத் தயக்கத்தோடு எழுதுகிறேன். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்ற சொற்றொடரை யாராலும் நிறைவேற்ற முடியாது. படித்தவர்களில் எத்தனை பேருக்கு, எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்ற பட்டியலைக் கேட்டால், பெரும்பாலான நிலையங்களில் சுவரில் ஒட்டிய சில புகைப்படங்களைத்தான் காட்டுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கென்றே 2024 நவம்பரில் அந்த ஆணையம் தனி வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது. உறுதியளிக்கப்பட்ட தேர்ச்சி, வேலை உத்தரவாதம் போன்ற வாக்குறுதிகளும், மாணவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அவர் படத்தைப் பயன்படுத்துவதும் அவற்றில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பணம் கட்டும் முன்பே, இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குவது, பின்னால் புகார் செய்வதைவிட எளிது. வழக்கமான தொழில் முறையில் விளம்பரம் வெளியிடும் பத்திரிகைகளுக்குச் சட்டம் பாதுகாப்பு அளித்திருப்பது உண்மைதான். ஆயினும், வேலை உத்தரவாதம் என்ற சொல்லைக் கொண்ட பயிற்சி விளம்பரங்களை ஏற்பதில்லை என்று தங்கள் நாளிதழ் தானாக முன்வந்து முடிவெடுத்தால், மற்றவர்களும் அதைப் பின்பற்ற வாய்ப்பு உண்டு.

அரசிடம் கேட்க வேண்டியவையும் சில உள்ளன. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பாடம் முடித்த மாணவரின் பெயர் நேராகப் பழகுநர் பயிற்சி வாரியத்தின் பட்டியலுக்குப் போகும்படி இரண்டையும் இணைத்துவிட்டால், பாடத்துக்கும் வேலைக்கும் இடையில் உள்ள அந்த ஆறு மாத வெற்றிடத்தில் தனியார் பயிற்சி நிலையத்துக்குப் போக வேண்டிய தேவை பலருக்கு இருக்காது. அடுத்து, பயிற்சி முடித்த பழகுநரை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்று 2014 திருத்தத்துக்குப் பிறகு தொழிற்பழகுநர் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. கொள்கை இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தக் கொள்கையை, கடந்த ஆண்டு எத்தனை பழகுநர்கள் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பணியில் அமர்த்தப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையோடு சேர்த்து வெளியிடும்படி எல்காட், டைடல் தொழில்நுட்பப் பூங்காக்களில் இடம் பெற்றுள்ள நிறுவனங்களிடமாவது தமிழக அரசு கேட்கலாம். கோர்ஸா, கம்பெனியா என்று என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் அப்போது என் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்காது. அந்தப் பட்டியலையே அனுப்பிவிடுவேன்.

இந்த ஆண்டு தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில், பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முறையைத் தங்கள் வேலைவாய்ப்பு இணைப்பில் முழுப்பக்க அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மென்பொருள் துறை வாசகர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.